யங் ஜஸ்டிஸ் தொடர்: ஒரு ரசிகர் பார்வை

யங் ஜஸ்டிஸ் என்பது டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் பதின்பருவக் கதைமாந்தர்களைக் கொண்டு அமெரிக்காவில் உருவான இயங்குபடத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். சூப்பர் ஹீரோ என்று வழக்கில் சொல்லப்படுபவர் தமிழில் மீநாயகர் எனப்படுகிறார். பேட்மேன், சூப்பர்மேன், ஃபிளாஷ், அக்வாமேன் ஆகிய பெயர்பெற்ற மீநாயகர்களின் நிழலில் வளரும் பிள்ளைகளே இத்தொடரின் தலைமைப் பாத்திரங்கள். கிரெக் வைஸ்மன், பிராண்டன் வியட்டி ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். வார்னர் பிரதர்ஸ் அனிமேஷன் தயாரித்தது. முதற்கதை 2010 நவம்பர் 26 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் சிறப்பு ஒளிபரப்பாக வந்தது. வாராந்தரத் தொடராக 2011 ஜனவரியில் தொடங்கியது. நான்கு பருவங்களில் 98 அத்தியாயங்கள் வெளிவந்துள்ளன.

இரண்டாம் பருவம் 2013 மார்ச்சில் முடிந்தது. மூன்றாம் பருவம் 2019 ஜனவரியில்தான் வந்தது. இடையில் கிடந்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இத்தொடரின் வரலாற்றில் கதையளவுக்கே முக்கியமானவை. நிறுத்தப்பட்ட ஒரு சிறுவர் தொடரை மறக்காமல் வைத்திருந்து, மறுபடி எடுக்கவைத்த பெருமை ரசிகர்களையே சேரும். அவர்கள் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தார்கள் என்பதற்கு விடை கதைக்குள்ளேயே கிடைக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் எதை மறைக்கிறார்கள், பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் எதை மறைக்கிறார்கள், மறைத்ததற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடர் முதற்காட்சியிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே போகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோணத்தில்தான் தொடரைப் பார்க்கிறது. கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே சொல்லப்படுகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை தொடங்கும் இடம்

கதைக்குள் நாள் ஜூலை 4, அமெரிக்காவின் விடுதலை நாள். மீநாயகர்களின் சங்கமான ஜஸ்டிஸ் லீக்கின் தலைமையகத்துக்கு நான்கு பையன்கள் அழைத்து வரப்படுகிறார்கள். பேட்மேனிடம் பயிலும் ராபினுக்கு வயது 13. ஃபிளாஷின் அக்காள் வீட்டுப் பிள்ளையா தம்பி வீட்டுப் பிள்ளையா என்ற உறவுக்குழப்பமெல்லாம் இல்லாமல் எல்லாரும் மருமகன் என்றே சொல்லும் கிட் ஃபிளாஷுக்கு 15. இவன் பெயர் வாலி வெஸ்ட். அக்வாமேனின் மாணவன் அக்வாலாடுக்கு 16. கடலடி நாட்டைச் சேர்ந்த அவனுடைய இயற்பெயர் கால்டர். கிரீன் ஆரோவின் துணைவனான ஸ்பீடி என்ற ராய் ஹார்ப்பர் எல்லாரிலும் மூத்தவன்.

பையன்கள் இந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள். உள்ளே போனதும் அவர்களுக்கு நூலகத்தையும் அறைகளையும் சுற்றிக் காட்டுகிறார்கள். ராய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கட்டடம் வெளியாருக்குக் காட்டும் முகப்பு மட்டுமே. உண்மையான தலைமையகம் விண்வெளியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மற்ற மூவருக்கும் அப்போதுதான் தெரிகிறது. அந்த மூவரின் முகத்தைப் படம்பிடித்த விதத்தில் தொடரின் முழுக்கதையும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆபத்தில் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள், நம்பிக்கையில் மட்டும் வாசலோடு நிறுத்தி வைக்கிறார்கள். ராய் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறுகிறான்.

பெரியவர்கள் வேறொரு அவசரத்துக்காகப் பறந்துவிட, மீதி மூவரும் கேட்மஸ் என்ற ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்த செய்தி கேட்டு அங்கே போகிறார்கள். நிலத்தடியில், கண்ணாடிக் கூண்டு ஒன்றில், சூப்பர்மேனின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு குளோன் இருக்கிறது. தோற்றத்தில் 16 வயது இளைஞன். உருவாகி ஆனதோ 16 வாரம். இவனே சூப்பர்பாய். அவனைக் காப்பாற்றி வெளியே கொண்டு வருகிறார்கள். சூப்பர்மேன் வந்து இறங்குகிறார். அவன் மார்பில் தம் சின்னத்தைப் பார்க்கிறார். என்ன பேசுவதென்று தெரியாமல், லீக் ஏதாவது ஏற்பாடு செய்யும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் பறந்துபோகிறார். பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பன் வாசலிலேயே திரும்பிப் போனதற்கு ஒப்பான காட்சி இது. பெரிய வீரர் ஒருவரை இவ்வளவு சங்கடமான நிலையில் காட்டத் துணிந்த சிறுவர் தொடர்கள் அதிகம் இல்லை.

பிள்ளைகள் பின்வாங்க மறுக்க, பேட்மேன் ஒரு வழி செய்கிறார். ஒரு மலைக்குள் இருந்த பழைய தலைமையகம் அவர்களுக்குத் தரப்படுகிறது. ரகசியப் பணிகள் மட்டும் ஒப்படைக்கப்படும். செவ்வாய்க்கோளைச் சேர்ந்த மிஸ் மார்ஷியன், அதாவது மெகான், அணியில் சேர்கிறாள். சில வாரங்களில் வில்லாளி ஆர்ட்டெமிஸ் சேர்கிறாள். சண்டை கற்றுத்தர பிளாக் கேனரி, கூட இருந்து கவனிக்க ரெட் டொர்னாடோ என்ற இயந்திர மனிதர்.

16 என்ற எண் இத்தொடரில் திரும்பத் திரும்ப வரும். கதை நடக்கும் உலகத்தின் பெயரே பூமி 16. சூப்பர்பாயின் வயது 16 வாரம். முதற்பருவ முடிவில் மீநாயகர் சிலரின் 16 மணி நேரம் காணாமற்போகிறது. இது வைஸ்மனின் குறும்பு. ரசிகர்கள் எங்கெல்லாம் 16 வருகிறது என்று எண்ணிக்கொண்டே பார்ப்பார்கள். இன்னொரு குறும்பு ராபினுடையது. அவன் ஆங்கிலச் சொற்களின் முன்னொட்டை வெட்டியெறிவான். 'ஓவர்வெல்ம்டு' உண்டு, 'அண்டர்வெல்ம்டு' உண்டு, வெறும் 'வெல்ம்டு' ஆக யாரும் இருப்பதில்லையே என்று கேட்பான். மொழி படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல விளையாட்டு.

ஆளுக்கொரு ரகசியம்

பெரியவர்கள் தங்களிடம் மறைத்தார்கள் என்ற கோபத்தில் உருவான அணி இது. ஆனால் அந்த அணிக்குள் உண்மையை முழுதாகச் சொன்னவர் யாருமில்லை. முதற்பருவத்தின் 26 அத்தியாயங்களும் இந்த முரணை மெல்ல மெல்ல விரிக்கின்றன.

ஆர்ட்டெமிஸின் தந்தை ஸ்போர்ட்ஸ்மாஸ்டர் என்ற கூலிக் கொலையாளி. தாய் முன்பு அதே தொழிலில் இருந்து, சிறைசென்று, சக்கர நாற்காலியோடு திரும்பியவர். அக்காள் செஷையர் இன்றும் எதிரணியில் இருக்கிறாள். இது தெரிந்தால் தன்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று ஆர்ட்டெமிஸ் நினைக்கிறாள். மெகானின் அச்சம் வேறு. செவ்வாயில் பச்சை நிறத்தவருக்கும் வெள்ளை நிறத்தவருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு உண்டு. அவள் வெள்ளை இனத்தவள். பூமியில் எல்லாருக்கும் பிடித்த முகம் வேண்டுமென்று, தான் பார்த்து ரசித்த ஒரு பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் கதாநாயகியின் உருவத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சூப்பர்பாய்க்குத் தன் மரபணுவில் பாதி சூப்பர்மேனுடையது, மறுபாதி வில்லன் லெக்ஸ் லூதருடையது என்று தெரியவருகிறது. லூதர் தரும் மருந்துப் பட்டையை உடம்பில் ஒட்டிக்கொண்டால் சிறிது நேரத்துக்குச் சூப்பர்மேனின் முழு வலிமையும் வரும். அதோடு அடங்காத சினமும் வரும். அவன் அதை நண்பர்களுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்கிறான். பதின்பருவப் பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இந்த மூன்று நிலைமையும் புதியவை அல்ல. வீட்டைப் பற்றிய வெட்கம், தோற்றத்தைப் பற்றிய வெட்கம், தன் வலிமை போதவில்லை என்று குறுக்குவழி தேடுதல்.

அணித்தலைவன் கால்டரிடமும் ஒரு ரகசியம் உண்டு. அணிக்குள் ஒற்றன் இருப்பதாக எதிரி சொன்னதை அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறான். விஷயம் வெளிப்படும்போது நண்பர்கள் அவன்மேல் பாய்கிறார்கள். அவன் சொல்லும் காரணம் நியாயமாகவே இருக்கிறது. இருந்தும் அவர்கள் கோபமும் நியாயம். தொடரின் எழுத்தாளர்கள் இங்கே யார் பக்கமும் சாயவில்லை.

பருவத்தின் இறுதிக்கு முந்திய 'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' என்ற அத்தியாயத்தில் எதிரிகள் மூவரையும் தனித்தனியே மிரட்டித் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். ரகசியம் வெளிவந்துவிடும் என்ற பயம்தான் எதிரிகளின் ஒரே ஆயுதம். அதற்கு முன்பே மூவரும் நண்பர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட, ஆயுதம் அங்கேயே முனை மழுங்கிப்போகிறது. ஆர்ட்டெமிஸின் குடும்பம் பற்றி ராபினுக்கு முன்பே தெரியும், அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது சின்ன விவரம்தான். ஆனால் இத்தனை மாதம் அவள் தூக்கிச் சுமந்த பாரம் தேவையே இல்லாதது என்று காட்ட அதுவே போதும்.

அப்படியானால் ஒற்றன் யார்? முதற்காட்சியில் ரகசியங்களைக் கண்டித்து வெளியேறினானே, அந்த ராய்தான். இதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. உண்மையான ராய் ஹார்ப்பர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடத்தப்பட்டுவிட்டான். இவன் அவனுடைய குளோன். தான் குளோன் என்பதே இவனுக்குத் தெரியாது. லீக்கில் சேர வேண்டும் என்ற அவனுடைய தணியாத ஆசையும்கூட வேறொருவர் மனத்தில் விதைத்தது. இத்தொடரில் மிகப் பரிதாபமான பாத்திரம் எது என்று கேட்டால் பல ரசிகர்கள் சட்டென்று இவன் பெயரைச் சொல்வார்கள்.

பயிற்சி என்று தொடங்கியது

முதற்பருவத்தில் இரண்டு அத்தியாயங்களைத் தனியே பேச வேண்டும். 'ஃபெயில்சேஃப்' என்ற அத்தியாயத்தில் வேற்றுக்கோளினர் பூமியைத் தாக்குகிறார்கள். லீக் அழிகிறது. ஆர்ட்டெமிஸ் கண்முன்னே மறைகிறாள். கால்டர் பிறரைத் தப்பவைக்கத் தன்னைக் கொடுக்கிறான். தலைமை 13 வயது ராபினிடம் வருகிறது. அவன் போடும் திட்டத்தில் சூப்பர்பாய் எதிரியின் கவனத்தைத் திருப்பப் போகிறான். அவன் திரும்பமாட்டான் என்று ராபினுக்குத் தெரியும். கடைசியில் ராபினும் வாலியும் எதிரிக் கப்பலோடு வெடித்துச் சிதறுகிறார்கள். அதன்பிறகுதான் உண்மை தெரிகிறது. எல்லாம் மனத்துக்குள் நடத்தப்பட்ட பயிற்சி. ஆர்ட்டெமிஸ் இறந்ததாகக் கண்ட மெகானின் மனம் அதிர்ந்துபோய், பயிற்சி என்பதையே எல்லாருக்கும் மறக்கடித்துவிட்டது.

வேறு தொடராக இருந்தால் அடுத்த வாரம் எல்லாரும் சிரித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். இங்கே அடுத்த அத்தியாயமான 'டிஸார்டர்டு' ஒரு நாற்காலியில் தொடங்குகிறது. பிளாக் கேனரி ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். வாலி பகடி பேசித் தப்பிக்கிறான். தலைமைப் பொறுப்பு தனக்குத் தகுமா என்று கால்டர் கேட்கிறான். சூப்பர்பாய் சொல்வது கேட்கவே கனமானது: சூப்பர்மேன் இறந்துவிட்டார் என்று நம்பிய அந்த நேரத்தில் தன் மனம் அமைதியாக இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. ராபின் சொல்வது இன்னொன்று. வளர்ந்தால் பேட்மேனாக வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். காரியம் முடிய வேண்டும் என்பதற்காக நண்பனைச் சாகக் கொடுக்கும் ஆளாகத் தன்னால் இருக்க முடியாது என்று இப்போது தெரிந்துவிட்டது.

பிளாக் கேனரி அறிவுரை அதிகம் சொல்வதில்லை. கேட்கிறார், காத்திருக்கிறார். பிள்ளைகள் உடைந்து அழும்போது அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதும் இல்லை. மீநாயகர் கதையில் மனநல ஆலோசனையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய அத்தியாயம் 2011இல் சிறுவர் அலைவரிசையில் வந்தது என்பதை இன்று நினைத்தாலும் வியப்புத்தான். ஆசிரியர் பயிற்சி பெறுவோர் இந்த ஓர் அத்தியாயத்தையாவது பார்க்கலாம்.

ஐந்தாண்டுத் தாவல்

முதற்பருவம் புத்தாண்டு நள்ளிரவில் மகிழ்ச்சியாக முடிகிறது. இரண்டாம் பருவத்தின் முதற்காட்சியில் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ராபின் வளர்ந்து நைட்விங் ஆகியிருக்கிறான். புதிய ராபின் வேறொருவன். வாலியும் ஆர்ட்டெமிஸும் வீரவாழ்க்கையை விட்டுக் கல்லூரியில் படிக்கிறார்கள். மெகானும் சூப்பர்பாயும் பிரிந்திருக்கிறார்கள். கால்டர் தன் தந்தையான பிளாக் மாண்டா என்ற எதிரியோடு சேர்ந்துவிட்டான். இதெல்லாம் எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்று பார்ப்பவர் தவிக்க, தொடர் துளித்துளியாகத்தான் சொல்கிறது. அப்போது ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஏமாற்றமடைந்தனர். தாங்கள் நேசித்த ஆறு பேரை இன்னும் கொஞ்ச நாள் அதே வயதில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால்தான் தெரியக்கூடிய ஒன்று இருக்கிறது.

நைட்விங், கால்டர், வாலி, ஆர்ட்டெமிஸ் ஆகிய நால்வரும் ஒரு சதி செய்திருக்கிறார்கள். கால்டர் உண்மையில் எதிரி முகாமுக்குள் அனுப்பப்பட்ட ஒற்றன். அவனுடைய நம்பகத்தன்மையைக் கூட்ட, அவன் கையால் ஆர்ட்டெமிஸ் இறந்ததாக ஒரு நாடகம் நடத்தப்படுகிறது. மகளை இழந்ததாக நம்பி அவளுடைய தாய் அழுகிறார். நண்பர்கள் துக்கம் காக்கிறார்கள். நண்பனைப் பலிகொடுக்கமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பையன்தான் இப்போது நண்பர்களின் கண்ணீரைத் தன் திட்டத்துக்குள் கணக்கிட்டு வைத்திருக்கிறான்.

அதன் விலை உடனே தெரிகிறது. கால்டர் கொலைகாரன் என்று நம்பிய மெகான், சினத்தில் தன் மன ஆற்றலால் அவனுடைய மனத்தைச் சிதைத்துவிடுகிறாள். சிதைக்கும்போதே உண்மை அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, காலம் கடந்துவிட்டது. அவளைச் சூப்பர்பாய் பிரிந்ததற்கும் காரணம் இதே ஆற்றல். எதிரிகளின் மனத்தைக் கலைத்துத் தகவல் பறிக்கும் அவளுடைய வழக்கத்தை அவன் கண்டித்தபோது, அந்தச் சண்டையின் நினைவையே அவன் மனத்திலிருந்து அழிக்க முயன்றிருந்தாள். எல்லாருக்கும் பிடித்த பெண்ணாக இருக்க விரும்பியவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பதை ஐந்தாண்டுத் தாவல் இல்லாமல் இவ்வளவு கூர்மையாகக் காட்டியிருக்க முடியாது.

பருவத்தின் இறுதி அத்தியாயம் 'எண்ட்கேம்'. பூமியைக் காக்க ஃபிளாஷோடும் இன்னோர் இளைஞனோடும் ஓடும் வாலி, ஓட்டத்திலேயே கரைந்து மறைகிறான். வீரவாழ்க்கையை விட்டுவிட்டுப் படிக்கப் போனவன் அவன். ஆர்ட்டெமிஸுக்குச் சொல்ல வேண்டியதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக முடிகிறது. கடைசிக் காட்சியில் முதன்மை எதிரியான வாண்டல் சாவேஜ், டார்க்சைட் என்ற பேரழிவுத் தலைவனோடு கைகுலுக்குகிறான். திரை இருண்டது. 2013 மார்ச் 16 அன்று ரசிகர்கள் அங்கேயே விடப்பட்டார்கள்.

பொம்மை விற்கவில்லை

தொடர் நின்றதற்குக் காரணம் பார்ப்பவர் இல்லாமை அல்ல என்பதே ரசிகர்களின் மனக்குறை. 2012 அக்டோபரில் டிசி நேஷன் என்ற நிகழ்ச்சித் தொகுப்பு முன்னறிவிப்பின்றி ஒளிபரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் இத்தொடரும் ஒன்று. வார இறுதியில் புதிய அத்தியாயத்துக்காக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு வேறு நிகழ்ச்சி கிடைத்தது. 2013 ஜனவரியில் மீதி அத்தியாயங்கள் வரத் தொடங்கின. அதே மாதம் தொடர் நீட்டிக்கப்படாது என்பதும் தெரிந்தது.

பின்னாளில் வைஸ்மன் இதற்கான காரணத்தை வெளிப்படையாகவே விளக்கினார். தொடருக்கான பணத்தில் பெரும்பங்கு மேட்டல் பொம்மை நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை நம்பியிருந்தது. பொம்மைகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மேட்டல் விலகியது. அந்த இடத்தை நிரப்ப வேறு பணம் வரவில்லை. அமெரிக்காவில் சிறுவர் இயங்குபடங்கள் பலவற்றின் பொருளாதாரம் இதுதான். தொடர் என்பது அரைமணி நேர விளம்பரமாகவும் வேலைசெய்ய வேண்டும். கடையில் பொம்மை நகர்ந்தால்தான் திரையில் கதை நகரும். அதே காலத்தில் நின்றுபோன கிரீன் லான்டர்ன் இயங்குபடத் தொடருக்கும் பொம்மைச் சிக்கலே காரணமாகச் சொல்லப்பட்டது. 2011இல் வந்த கிரீன் லான்டர்ன் திரைப்படத்தின் பொம்மைகள் கடைகளில் தேங்கிக் கிடந்ததால், புதிய பொம்மைகளை வாங்கி அடுக்கக் கடைக்காரர்கள் முன்வரவில்லை.

2013 டிசம்பரில் எழுத்தாளர் பால் டினி, இயக்குநர் கெவின் ஸ்மித் நடத்திய ஒலி நிகழ்ச்சியில் பேசியது ரசிகர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. இத்தகைய தொடர்களைப் பெண்பிள்ளைகள் மிகுதியாகப் பார்ப்பதை நிர்வாகிகள் விரும்பவில்லை, பெண்பிள்ளைகள் இந்தப் பொம்மைகளை வாங்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு என்று அவர் சொன்னார். அவர் முதன்மையாகப் பேசியது தாம் பணியாற்றிய வேறொரு தொடரைப் பற்றி. யங் ஜஸ்டிஸ் விஷயத்தில் வைஸ்மன் சொன்ன பொம்மை ஒப்பந்தக் காரணத்தையே முதன்மையாகக் கொள்வது முறை. இருந்தாலும் ஆர்ட்டெமிஸையும் மெகானையும் நேசித்த பெண்ரசிகர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி உறைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருத்தி கதைக்காக அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், கடைக்காரரின் ஏட்டில் அவள் பெயர் இல்லையென்றால் அவள் பார்வையாளராகவே எண்ணப்படமாட்டாள் என்றல்லவா அதற்குப் பொருள்.

மீண்டு வந்த தொடர்

தொலைக்காட்சியில் நின்ற தொடர் நெட்ஃபிளிக்ஸில் கிடைத்தது. அங்கே ஒரு வசதி உண்டு. யார் பார்த்தார்கள், எத்தனை முறை பார்த்தார்கள் என்பது பொம்மை விற்பனை மூலம் அல்லாமல் நேரடியாகவே பதிவாகும். 2016 தொடக்கத்தில் வைஸ்மன், தொடர் மீண்டும் வர வேண்டுமென்றால் விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் சமூக ஊடகங்களில் ஒருவரையொருவர் தூண்டிக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி மறுபடி பார்த்தார்கள். 2016 நவம்பர் 7 அன்று மூன்றாம் பருவம் அறிவிக்கப்பட்டது. அது 'அவுட்சைடர்ஸ்' என்ற பெயரில் டிசி யுனிவர்ஸ் என்ற புதிய ஓடிடி தளத்தில் 2019 ஜனவரி 4 முதல் வெளியானது.

தொலைக்காட்சிக் கட்டுப்பாடு இல்லாததால் மூன்றாம் பருவம் கடுமையானது. சிறப்பாற்றல் கொண்ட பிள்ளைகளைக் கடத்தி விற்கும் கும்பல்கள் அதன் மையம். இரத்தமும் சாவும் முன்னைவிட வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதல்ல என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இந்தப் பருவத்திலும் பழைய கேள்விதான் திரும்பி வருகிறது, பெரிய அளவில். பேட்மேன் சிலரோடு லீக்கிலிருந்து விலகுகிறார். அணிகள் பிரிந்து தனித்தனியே இயங்குவதாக எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் பேட்மேன், நைட்விங், இப்போது அக்வாமேன் பட்டத்தை ஏற்றுள்ள கால்டர், மெகான் முதலிய சிலர் திரைமறைவில் பேசிவைத்து எல்லாரையும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்களின் புதிய அணி தானாகப் பெற்றதாக நினைத்த வெற்றிகளில் சில அவர்கள் ஏற்பாடு செய்தவை. விஷயம் உடையும்போது பிளாக் லைட்னிங் என்ற மூத்த வீரர் கொதித்துப் போகிறார். வெளிக்கூடத்தை மட்டும் காட்டி ஏமாற்றினார்கள் என்று 2010இல் பொங்கிய பிள்ளைகள் வளர்ந்து, அதே கூடத்தை அடுத்த தலைமுறைக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பருவ முடிவில் லீக்கின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் பிளாக் லைட்னிங். ஒளிவுமறைவு வேண்டாம் என்று சண்டைபோட்டவரே தலைவராவது தற்செயல் இல்லை.

நான்காம் பருவமான 'ஃபேன்டம்ஸ்' 2021 அக்டோபர் 16 அன்று எச்பிஓ மேக்ஸ் தளத்தில் தொடங்கி 2022 ஜூனில் முடிந்தது. திருமணத்துக்காகச் செவ்வாய்க்குப் போன சூப்பர்பாய் அங்கே இறந்துவிட்டதாக எல்லாரும் நம்புகிறார்கள். அந்த இழப்பை ஒவ்வொருவரும் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதைப் பருவம் நிதானமாகப் பின்தொடர்கிறது. குறிப்பாகக் காஃபீல்டு என்ற பீஸ்ட் பாய். முதற்பருவத்தில் சிறுவனாக வந்தவன் இப்போது படுக்கையை விட்டு எழ மறுக்கிறான், வேலைகளைத் தட்டிக் கழிக்கிறான், அக்கறையோடு வருபவர்கள்மேல் எரிந்து விழுகிறான். மனச்சோர்வு என்பது அழுகையாக மட்டும் வெளிப்படாது, எரிச்சலாகவும் சோம்பலாகவும் தெரியலாம் என்று இந்தப் பகுதி சரியாகவே காட்டுகிறது. நண்பர்கள் ஒன்றுகூடி வற்புறுத்திய பிறகே அவன் உதவி பெறச் சம்மதிக்கிறான். அதற்குப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. அது அவ்வளவு காலம் எடுப்பதும் உண்மைக்கு நெருக்கமானதே.

குறைகள்

ரசிகர் என்பதற்காகக் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது கூட்டம். ஆறு பேரில் தொடங்கிய கதை மூன்றாம் பருவத்தில் பெயர் நினைவில் வைக்க முடியாத அளவுக்குப் பெருகுகிறது. நல்ல பாத்திரங்கள் ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுக் காணாமற்போகின்றன. ஒவ்வொரு காட்சியிலும் இடம், நாள், நேரம் எழுத்தில் காட்டப்படுவது தொடக்கத்தில் கதையை ஒழுங்காகப் பின்தொடர உதவியது. பின்னாளில் அதைக் குறித்துவைத்தால்தான் கதை புரியும் என்றாகிவிட்டது. தாவல்களுக்கு இடையே நடந்தவற்றில் சில உடன்வந்த காமிக்ஸ் இதழ்களில்தான் இருக்கின்றன.

மூன்றாம் பருவத்தில் வரும் ஹேலோ என்ற பெண் ஹிஜாப் அணிபவள்; அவள் உடலில் குடியிருப்பதோ வேறோர் உயிர். அவளைப் படைத்த விதத்தை வரவேற்றவர்களும் உண்டு, முஸ்லிம் பார்வையாளர்களில் மனம் ஒப்பாதவர்களும் உண்டு. அவள் திரும்பத் திரும்ப வன்முறைக்கு ஆளாகி இறந்து மீள்வது தேவைக்கு அதிகம் என்பதில் ஐயமில்லை. இரண்டாம் பருவம் 20 அத்தியாயங்களோடு முடிந்ததால் வாலியின் மறைவுக்குப் போதிய துக்க நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கடனை மூன்றாம், நான்காம் பருவங்களில் ஆர்ட்டெமிஸின் காட்சிகள் ஓரளவு அடைக்கின்றன.

குரல் நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. சூப்பர்மேனுக்கும் சூப்பர்பாய்க்கும் நோலன் நார்த் என்ற ஒரே நடிகர் குரல் கொடுத்திருக்கிறார் என்பதை அறிந்துகொண்டு மறுபடி பார்த்தால், தந்தையைப் போன்றவரும் மகனைப் போன்றவனும் பேசமுடியாமல் நிற்கும் ஆரம்பக் காட்சிகள் வேறு விதமாகக் கேட்கும்.

இன்றைய நிலை

ஐந்தாம் பருவம் அறிவிக்கப்படவில்லை. நான்காம் பருவத்தின் இறுதியில் சூப்பர்பாய் உயிரோடு மீட்கப்பட்டு, மெகானுடன் அவன் திருமணம் நடக்கிறது. புதிதாகப் பார்க்க விரும்புவோர் 2010இன் முதற்கதையிலிருந்து வரிசையாகப் பார்ப்பதே சரி. நடுவில் நுழைந்தால் எதுவும் பிடிபடாது. முதற்பருவம் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தும். மூன்றாம், நான்காம் பருவங்களை உயர்நிலைப் பள்ளி வயதில் பார்க்கலாம். திருமணம் முடிந்து திரையை அணைக்கப் போகும் நேரத்தில், சூப்பர்மேனின் உறவுக்காரப் பெண்ணான காரா, டார்க்சைட்டின் படையில் நிற்கும் காட்சி ஒன்று வருகிறது. 2013இல் விட்டதைப் போலவே இதையும் பாதியில் விட்டிருக்கிறார்கள்.